ஐயமும் திரிபும்

காரணம் விளங்காத் துன்பத்தை மக்களுள்ளம் பொறுத்தல் அரிது. ஆகலின், மறைந்து சூழும் பகைவர் சிலரைக் கற்பித்துக்கொண்டு ஆறுதல் எய்தும். இதற்கு ஐரோப்பிய வரலாற்றில் ஒரு சான்று காட்டுதும்.

1348-ஆம் ஆண்டு ஆங்குக் கொள்ளைநோய் பரவியபொழுது, யூதர் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்னும் பழிச்சொல் எழுந்தது. காரணம் உள்வழிக் காரியம் உளதாதலும் இல்வழி இலதாதலும் வேண்டும் அன்றே? யூதரும் அந்நோயான் மடிகின்றனர், யூதர் வாழாவிடத்தும் அது பரவுகின்றது எனப் போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்டு அவ்வாண்டே மறுத்துரைத்தார். கேட்டார் சிலரே. 1349 பிப்ரவரி 14-இல் ஸ்டிராஸ்பூர்க் நகரத்தார், நோய் தம்மூரை அணுகுமுன்னரே, யூதரைத் தீயிலிட்டனர். நோயின் மெய்க்காரணமாகிய கிருமி அறியப்பட்டதோ 1894-இலேயாம்.

அம்மறுப்பு அவருள்ளத்தில் ஏறாமை என்னை? நோயைப் பிணித்து ஒறுத்தல் இயலாது. அயலானை ஒறுத்தல் எளிது. அச்சத்திற்கு ஒரு செயல் வேண்டும். அதனைப் பழிச்சொல் தந்தது. ஐயம் இருபாலும் நோக்கி நிற்கும்; திரிபோ, மறுப்பார் கூற்றையும் அக்கரவின் ஒரு கூறெனக் கொண்டு வலியுறும். ஆகலின் காரணம் தோன்றாவிடத்து 'யாம் அறியேம்' என நிற்றல் கற்றார்க்கு இழுக்கன்று. அவ்வாறு நிற்கமாட்டாமையே அன்று பல்லுயிரை உண்டது.