காண்பார் இல்லாத பிழை

பிறர் காணாத இடத்தில் ஒருவர் செய்த பிழை பிழையாகாதோ? நிறுத்தி வைத்திருந்த காரை யாரோ ஓர் ஓட்டுநர் உரசிவிட்டுச் சொல்லாமற் போய்விடுகிறார். உயிர்ச்சேதம் இல்லை, கதவில் ஒரு கீறல், பம்பரில் ஒரு நெளிவு, அவ்வளவே. இத்துணைச் சிறிய செய்தியை ஆராய்வானேன் என்று அன்பர்கள் வினவலாம். பெருங்குற்றத்தைச் சட்டம் தேடிப் பிடிக்கும். சிறு பிழைக்கோ மனச்சான்றே பெரும்பாலும் காவல். ஆகலின் மனிதரின் ஒழுக்கத்தை அளப்பதற்குச் சிறு பிழையே சரியான கோலாகும்.

அந்தமான் தீவுகளில் இதற்கு வாய்ப்பு மிகுதி. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், சாத்தம் துறைக்கும் பம்பூ பிளாட்டுக்கும் இடையே ஓடும் வாகனப் படகில் காரும் வேனும் தோளோடு தோள் இடித்து நிற்கும். பிற ஊர்களில் கீறல் அழகைக் கெடுக்கும்; இங்கே இரும்பையே கெடுக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இத்தீவுகளில், வண்ணம் பெயர்ந்த இடத்தை உப்புக் காற்று விடுவதில்லை. துரு பூச்சுக்கு அடியிலும் பரவும். உதிரிப்பாகம் கடல் கடந்து வரவேண்டும். அதுவரை வாடகைக் கார் பட்டறையில் நின்றால், அந்நாட்களின் வருவாய் போயிற்று. உரசியவருக்குச் சிறிதாகத் தோன்றுவது உடையவருக்குச் சிறிதன்று.

சட்டம் இதனை மறக்கவில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134-ஆம் பிரிவில், பிறர் உடைமைக்குச் சேதம் நேர்ந்தாலும் ஓட்டுநர் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆயினும் ஓடியவர் அகப்படாவிடின் இழப்பு உடையவர் தலையிலேயே விழுகிறது. மோதிவிட்டு மறைந்த வாகனத்தால் உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயமுற்றோர்க்கு 50,000 ரூபாயும் வழங்கும் திட்டம் உண்டு. கீறலுக்கு அதில் இடமில்லை. சொந்தச் சேதத்திற்கான காப்பீடு இருப்பின் அதைக் கோரலாம். கோரினால், கோரிக்கையற்ற ஆண்டுகளுக்காக 20 முதல் 50 விழுக்காடு வரை கிடைத்துவந்த கட்டணச் சலுகை போய்விடும். ஆக, ஒருவர் கை தவறியதற்கு மற்றொருவர் பணம் கட்டுகிறார்.

இனி, ஓடியவர் ஏன் ஓடினார் என்று எண்ணுவோம். அச்சமே பெரும்பாலும் காரணம். மேற்சொன்ன பிரிவே, காயமுற்றவருக்கு உதவும் கடமையைக் கூறுமிடத்தில், கூட்டத்தின் ஆவேசத்தால் அது இயலாமற் போகலாம் என்று ஒப்புகிறது. உயிர்ச்சேதம் விளைவித்து ஓடுவோர்க்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கும் புதிய பிரிவை எதிர்த்து 2024 சனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும், நின்றால் அடிபட்டுச் சாவோம் என்பதே அவர்கள் முறையீடு. கீறலிலும் அவ்வச்சத்தின் நிழல் உண்டு. வசவு வரும், கூலியில் பிடித்தம் வரும். அச்சம் ஓட்டத்தை விளக்குகிறது, நியாயமாக்குவதில்லை. எண்ணமே வினை என்பது பகவன் புத்தர் காட்டிய நெறி. ஸ்டியரிங் தவறி உரசியதில் எண்ணம் இல்லை. தெரிந்தே அகன்றதில் எண்ணம் உண்டு. கீறல் விபத்து, அகன்றதே வினை. பழுது நீக்கும் செலவைப் பிறர் பையிலிருந்து எடுத்தமையால், அது கொடாததைக் கொண்டதும் ஆகும்.

இழந்தவருக்கும் ஒரு சோதனை உண்டு. அம்பு தைத்த ஒருவன் நொந்து புலம்பி இரண்டாம் அம்பையும் ஏற்பதாகப் பகவன் கூறிய உவமையை அன்பர்கள் அறிவர். இங்கே முதல் அம்பு கீறல். சான்றின்றி அண்டை வீட்டாரை ஐயுறுவது, வேறொருவர் வண்டியைக் கீறிச் சினம் ஆறுவது, பழைய நெளிவுகளையும் இதனோடு சேர்த்துக் காப்பீடு கோருவது ஆகியவை இரண்டாம் அம்பு. காப்பீட்டு நிதி பலர் சேர்த்த பணம். அதில் பொய் சொல்பவர் தம்மைக் கீறியவரினும் எவ்வாற்றான் உயர்ந்தவர்? எனவே படம் எடுத்துவைக்க. அருகிலிருந்தோரை அமைதியாக வினவுக. காவல் நிலையத்திலும் காப்பீட்டாரிடமும் உள்ளது உள்ளபடி கூறுக. துரு ஏறுமுன் பூச்சிடுக. அதன்பின் மனத்தை அதினின்று எடுத்துவிடுக.

உரசியவர் செய்யத்தக்கதும் எளிதே. உடையவர் வரும்வரை நிற்க வேண்டும். நிற்க இயலாவிடின், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி, மழையில் கரையாதபடி பிளாஸ்டிக் உறையிலிட்டு வைப்பரின் கீழ்ச் செருகுக. துறையில் பணிபுரிவோரிடமும் சொல்லிச் செல்க. விதித்த காலத்திற்குள் காவல் நிலையத்திலும் தெரிவிக்க. முழுத்தொகை கையில் இல்லையேல் தவணை கேட்பதில் இழிவில்லை.

அவ்வாறு ஒருவர் முன்வந்து நின்றால் அவரை எவ்வாறு ஏற்பது? சினம் தவிர்ந்தால் கவனக்குறைவு வளருமே என்பர் சிலர். சினத்தை விடுவது வேறு, செலவை விடுவது வேறு. நியாயமான செலவைக் கேட்டுப் பெறுக, வசவை விடுக. உண்மை சொல்லி நின்றவர் வசவு வாங்கித் திரும்பினால், அடுத்த முறை நிற்காமற் போவதற்கு அவருக்குப் பாடம் கற்பித்தவர் நாமே ஆவோம். உண்மை சொல்வோர்க்கு அஞ்சாமல் நிற்க இடம் தருவதும் வாய்மையைக் காக்கும் ஒரு வழியே.