கூலி குறைந்த படிப்புக்கு யார் கொடுப்பது?

அமெரிக்காவில் 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரி, செலவுச் சட்டம் உயர்கல்வியின் கணக்கையும் மாற்றி எழுதியிருக்கிறது. பட்டமேற்படிப்பு மாணவர்கள் கல்லூரி சொல்லும் செலவு முழுவதையும் கூட்டரசிடம் கடனாகப் பெற வழிசெய்த ‘கிராட் பிளஸ்’ திட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்க வருவோருக்கு இல்லை. முதுநிலைப் படிப்புக்கு இனி ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர். மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் பட்டங்களுக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000. இவற்றைவிட ஆழமான மாற்றம் வருமானச் சோதனை. ஓர் இளநிலைப் பட்டம் முடித்தவர்களை நான்கு ஆண்டுகள் கழித்து வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு ஈட்டுகிறார் என்று பார்க்கிறார்கள். அதே மாநிலத்தில் பள்ளிப்படிப்போடு நின்று வேலைக்குப் போன 25 முதல் 34 வயதுக்காரர்களின் நடுமட்ட வருமானத்தைவிட அது குறைந்து, மூன்றில் இரண்டு ஆண்டுகள் அப்படியே நீடித்தால், அந்தப் படிப்புக்குக் கூட்டரசுக் கடன் நின்றுவிடும். முதுநிலைப் படிப்பென்றால் ஒப்பீடு இளநிலைப் பட்டதாரிகளோடு. நிதி நிர்வாகத்தின் மொழியில் எழுதப்பட்ட இந்த விதிக்குள் மிகப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. அறிவின் மதிப்பை அது ஈட்டித் தரும் பணத்தால் அளக்கலாமா?

கூடாது என்று சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பயன் கருதியோ தேவை கருதியோ மட்டும் அல்லாமல், உரிமையுள்ள மனிதனுக்கு உகந்தது என்பதற்காகவே கற்பிக்க வேண்டிய கல்வி ஒன்று உண்டு என்று அரிஸ்டாட்டில் தன் அரசியல் நூலின் எட்டாம் பகுதியில் வாதிட்டார். 1852இல் டப்ளினில் பல்கலைக்கழகம் பற்றிப் பேசிய ஜான் ஹென்றி நியூமன், அறிவு தனக்குத் தானே பயன் என்ற நிலைப்பாட்டில் உறுதியாக நின்றார். இந்த மரபில் நிற்பவர்களுக்குப் புதிய சட்டம் அவமதிப்பாகத் தெரிகிறது. மெய்யியல் படித்தவனையும் இசை படித்தவளையும் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்வது, கோயிலின் பெருமையை உண்டியல் எடையால் நிறுப்பதற்கு ஒப்பாகும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அவர்களுடைய மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர்களுடைய வாதம் ஓரிடத்தில் சறுக்குகிறது. இந்தச் சட்டம் அளப்பது கல்வியை என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது அளப்பது கல்விக்காக வாங்கும் கடனை. கற்றதன் பயன் மனத்தின் விரிவாக, குணத்தின் செம்மையாக, ஊருக்குச் செய்யும் தொண்டாக வரலாம். அவை அனைத்தும் உண்மையான பயன்களே. ஆனால் கடனின் தவணையை இவற்றில் எதைக் கொண்டும் கட்ட முடியாது. கடன் டாலரில் வாங்கப்பட்டது, டாலரிலேயே திரும்பக் கேட்கும். அறிவு தனக்குத் தானே பயன் என்று மேடையில் சொல்லிவிட்டு, அந்தப் பயனுக்கான விலையைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரில் கடனாக எழுதிக்கொள்ளும் நிறுவனம் நியூமனின் வாரிசு என்று தன்னை அழைத்துக்கொள்ள முடியாது.

கடனைப் பற்றிச் சமயங்கள் இவ்வளவு கவலைப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. கடன் என்பது ஒருவருடைய வருங்காலத்தின் மீது இன்னொருவர் வைக்கும் உரிமை. விவிலியத்தின் உபாகமம் 15ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டுதோறும் கடனை விடுவிக்கச் சொல்கிறது. விடுதலை ஆண்டு நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கொடுக்க மறுக்கும் மனத்தையும் அதே அதிகாரம் கண்டிக்கிறது. கொடுப்பவர் எப்படித் தப்பிக்கப் பார்ப்பார் என்பதை எழுதியவர் நன்கு அறிந்திருந்தார். இன்றைய அமெரிக்காவில் 4 கோடிக்கும் அதிகமானோர் சுமக்கும் கூட்டரசுக் கல்விக் கடன் 1.6 லட்சம் கோடி டாலரை எட்டியிருக்கிறது. மற்றக் கடன்கள் திவால் வழக்கில் நீங்குவதுபோல் இது எளிதில் நீங்காது. தாங்கவொண்ணா நெருக்கடி என்று நீதிமன்றத்தில் தனியே நிரூபிக்க வேண்டும். புதிய சட்டம் கொண்டுவரும் வருமானத்தை ஒட்டிய திருப்பிச் செலுத்தும் திட்டத்தில், வருமானத்தில் 1 முதல் 10 விழுக்காடு வரை கட்டி, 30 ஆண்டுகள் கழித்தே மிச்சம் தள்ளுபடியாகும். ஏழு ஆண்டு எங்கே, முப்பது எங்கே! 24 வயதில் கையெழுத்திட்டவர் தன் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் வயதிலும் தன் கல்லூரிக்குக் கட்டிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட ஒரு பிணைப்பை விற்கும் அரசு, இதை உங்களால் கட்ட முடியுமா என்று முன்கூட்டிக் கேட்பது அவமதிப்பாகாது. கேட்காமல் விட்டதே இத்தனை காலத் தவறு.

தவறு என்று சொல்லச் சான்றும் இருக்கிறது. கூட்டரசின் கல்வி நிதியுதவி கூடினால் கல்லூரிகள் துணிந்து கட்டணத்தை ஏற்றும் என்று 1987இலேயே அன்றைய கல்விச் செயலர் வில்லியம் பென்னெட் குற்றம் சாட்டினார். அப்போது அது கட்சிப் பேச்சாகத் தோன்றியிருக்கலாம். கிராட் பிளஸ் 2006இல் நடைமுறைக்கு வந்தபின் டெக்சஸ் மாநிலத் தரவுகளைக் கொண்டு சாண்ட்ரா பிளாக், லெஸ்லி டர்னர், ஜெஃப்ரி டெனிங் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கடன் கூடியது, கட்டணம் கூடியது. ஏழை மாணவர் கூடுதலாகச் சேர்ந்ததற்கோ, படித்தவர்களின் வருமானம் உயர்ந்ததற்கோ சான்று கிடைக்கவில்லை. யாருக்காகக் கதவு திறக்கப்பட்டது என்று சொன்னார்களோ அவர்கள் உள்ளே வரவில்லை. நுழைவுக் கட்டணம் மட்டும் உயர்ந்தது. எல்லா வகைக் கடனுக்கும் எல்லாக் கல்லூரிக்கும் இதே முடிவு பொருந்தும் என்று ஆராய்ச்சி உலகம் ஒருமித்துச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் வரம்பில்லாக் கடனை ஏழைகளின் பெயரால் காப்பாற்ற வருபவர்கள் இந்தச் சான்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதுவரை நான் சட்டத்தின் பக்கம் நிற்கிறேன். இனி நிற்க முடியவில்லை. எந்தப் பட்டம் ‘தொழில்முறை’ என்பதற்குச் சட்டம் ஒரு பழைய விதியின் பட்டியலைக் கைகாட்டுகிறது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், சட்டம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் இறையியலும் இருக்கிறது. செவிலியர் படிப்பு இல்லை. சமூகப் பணி இல்லை. ஆசிரியர் பயிற்சி இல்லை. ஆக, போதகராகப் போகும் மாணவர் 2,00,000 டாலர் வரை கடன் வாங்கலாம். சிறு ஊரின் சபை ஒன்று கொடுக்கும் சம்பளத்தில் அதை எப்படிக் கட்டுவார் என்று பட்டியல் கேட்கவில்லை. வருமானச் சோதனை பின்னர் வந்து கேட்கும், அதுவும் படிப்புக்கான கடனை நிறுத்துவதற்காகக் கேட்கும். ஒரே சட்டம் ஒரு கையால் பெருங்கடனை நீட்டுகிறது, மறு கையால் சம்பளம் போதவில்லை என்று தண்டிக்கிறது. இந்த முரண் இறையியலோடு நிற்பதில்லை. குழந்தைகளைப் பேணுபவர், மனநல ஆலோசகர், போதையிலிருந்து மீள்வோருக்குத் துணைநிற்பவர் என்று ஒரு சமூகம் யார் இல்லாமல் நடக்காதோ, அவர்களுக்குப் பலமுறை அது குறைவாகவே கொடுக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இவர்களின் படிப்பு சோதனையில் தோற்றால் குற்றம் படிப்பினுடையதா, சம்பளம் நிர்ணயித்தவர்களுடையதா? சில இடங்களில் மட்டமான கல்லூரி ஏமாற்றியிருக்கும். அங்கே கடனை நிறுத்துவது நியாயம். சில இடங்களில் கல்லூரி நன்றாகவே கற்பித்திருக்கும், ஊர்தான் கூலி கொடுக்காது. இரண்டையும் ஓர் எண் பிரித்துக் காட்டாது. பிரித்துப் பார்க்கும் வேலையைச் சட்டம் யாரிடமும் ஒப்படைக்கவும் இல்லை.

இந்த இடத்தில் ஐரோப்பாவின் இடைக்காலம் நமக்கு ஒரு வழி காட்டுகிறது. அறிவு இறைவனின் கொடை, ஆதலால் அதை விற்கக் கூடாது என்று அன்றைய திருச்சபைச் சட்ட அறிஞர்கள் கருதினார்கள். ஆனால் ஆசிரியர் உண்ண வேண்டுமே! 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் இதற்கு நடைமுறைத் தீர்வு சொன்னது. ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியரின் பிழைப்புக்கு மானியம் ஒதுக்க வேண்டும். அவர் ஆலயத்தின் குருக்களுக்கும் ஏழை மாணவருக்கும் காசு வாங்காமல் கற்பிக்க வேண்டும். எல்லா ஊர்களும் இதைக் கடைப்பிடித்ததில்லை. 1215இல் அடுத்த சங்கம் மறுபடி வலியுறுத்த நேர்ந்தது. எனினும் அதன் தர்க்கம் தெளிவானது. ஒரு கல்வி பொதுநன்மைக்கு வேண்டியது, ஆனால் கற்றவருக்குப் பணம் தராது என்றால், அதன் செலவை வேண்டுபவர்கள் ஏற்க வேண்டும். நம் வள்ளுவர் கல்வி அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். ஈகையை அறத்துப்பாலில் வைத்தார். கல்வியை ஆட்சியோடும் பொருளோடும் சேர்த்துப் பேசுவதில் தமிழ் மனத்துக்குக் கூச்சம் இருந்ததில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறோமா என்ற கேள்வி மட்டும் அறத்தின் பக்கம் நின்றது.

கல்வியின் செலவை அதை வேண்டுபவர்கள் ஏற்பது அமெரிக்காவுக்கும் புதிதல்ல. தேசிய சுகாதாரச் சேவைப் படை என்ற கூட்டரசுத் திட்டம், மருத்துவரும் செவிலியரும் போதிய அளவில் இல்லாத பகுதிகளில் பணியாற்ற ஒப்புக்கொள்ளும் மாணவரின் கட்டணத்தைத் தானே கட்டுகிறது. தனியார் கொடையும் பெருகுகிறது. ஆனால் போகும் திசையைப் பாருங்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 2018இல் கட்டணத்தை நீக்கியது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி 2024இல் 100 கோடி டாலர் கொடை பெற்று அப்படியே செய்தது. நல்ல செயல்கள்தாம். ஆயினும் கடனைக் கட்ட வலுவுள்ள தொழிலுக்கே இந்த இலவசக் கல்வி போய்ச் சேர்ந்தது. ஏழை இளநிலை மாணவருக்குக் கூட்டரசு தரும் ‘பெல்’ உதவித்தொகை முதுநிலை மாணவருக்குக் கிடையாது. சமூகப் பணியில் முதுநிலை படிக்கும் ஏழைப் பெண்ணுக்குக் கடன்தான் பொது வழி. அதற்கும் இப்போது வரம்பு. வரம்புக்கு மேல் தேவைப்படுவதைத் தனியார் வங்கியில் வாங்கலாம் என்பார்கள். அங்கே பெரும்பாலும் கடன் தகுதியுள்ள உறவினர் ஒருவர் பிணைக்குக் கையெழுத்திட வேண்டும். ஏழைக்கு அப்படி ஓர் உறவினர் அரிது.

என் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. பொதுச்சேவை செய்வோருக்கு 120 தவணைகளுக்குப் பின் கடன் தள்ளுபடி என்று 2007 முதலே திட்டம் இருக்கிறதே என்பது ஒன்று. பத்தாண்டுக்குப் பின் வரப்போகும் தள்ளுபடி, இடையில் வரும் ஆபத்து முழுவதையும் மாணவர் தலையில் வைக்கிறது. ஆசிரியருக்கான ‘டீச்’ உதவித்தொகையில், படிவம் பிந்தியதற்காகவே ஆயிரக்கணக்கானோரின் உதவி கடனாக மாற்றப்பட்டது. பின்னர் அரசே அதைத் திருத்த வேண்டியதாயிற்று. முன்னால் கொடுப்பதற்கும் பின்னால் மன்னிப்பதற்கும் இடையே ஒரு மனிதரின் இளமை இருக்கிறது. இன்னொரு மறுப்பு கனமானது: எந்தத் தொண்டு தேவை என்று அரசு தீர்மானிக்கலாமா, போதகர் பயிற்சிக்கு வரிப்பணம் போகலாமா? 2004இல் லாக் எதிர் டேவி வழக்கில், சமயப் பணிக்கான இறையியல் பட்டத்துக்கு உதவித்தொகை மறுத்த வாஷிங்டன் மாநிலத்தின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது. போதகரின் தேவை சபைக்கு, சபையே கொடுக்கட்டும். ஹார்வர்டின் தொடக்கக் காலத்தில் போதகர்களை உருவாக்குவது முதன்மை நோக்கமாக இருந்தது. அதற்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டு தன் சொத்தில் பாதியையும் நூல்களையும் விட்டுச்சென்ற ஒரு போதகர். கொடுக்கும் கடமை சபைகளுக்கு அன்று தெரிந்திருந்தது. செவிலியரும் ஆசிரியரும் குழந்தைகளைப் பேணுபவரும் எல்லாருக்கும் வேண்டியவர்கள். அங்கே எல்லாருடைய வரியும் கடமைப்பட்டிருக்கிறது. பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் போதும். வரம்பால் அரசு மிச்சப்படுத்தும் தொகையில் ஒரு பங்கையாவது அதே படிப்புகளுக்கு மானியமாகத் திருப்புங்கள்.

கடனுக்கு வரம்பு வேண்டும், வருமானச் சோதனையும் இருக்கட்டும். ஆனால் தேவையான ஒரு படிப்புக்குக் கடனை நிறுத்தும் ஒவ்வொரு முறையும், அதற்கு மானியம் உண்டா இல்லையா என்பதை அமெரிக்கக் காங்கிரஸ் அதே சட்டத்தில் எழுதிவைக்கக் கடமைப்பட்டிருக்கிறது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் செய்யவில்லை; திருத்தப்படும்வரை அது பாதிச் சட்டம்.