பொன்னம்மாள் போதாதா?

குற்றாலத்திலே சாரல். அருவியாடித் தென்காசிக்குத் திரும்பிய தோழர்கள் சிலர், கல்கியின் ‘சோலைமலை இளவரசி’யைக் கையிலேந்தி நம்மிடம் வாதிட வந்தனர். “கதைதானே! மறுபிறவி வந்தால் என்ன குற்றம்?” என்றனர்.

கதை சுவையானது, மறுப்பதற்கில்லை. 1942 போராட்டத்தில் ஈடுபட்டுத் தேடப்படும் குமாரலிங்கம், பாழடைந்த கோட்டையிலே பதுங்குகிறான். மணியக்காரர் மகள் பொன்னம்மாள் சோறு கொண்டுவருகிறாள். அடக்குமுறை ஊரெல்லாம் உலவிய அந்நாளில், அந்த ஒருபிடிச் சோற்றுக்கு எத்துணைத் துணிவு வேண்டும்! ஆசிரியருக்கோ அது போதவில்லை. நூறாண்டுக்கு முன் அவன் மாறனேந்தல் மன்னனாம். அவள் இளவரசி மாணிக்கவல்லியாம்! காதலும் வீரமும் அரண்மனை விட்டுச்சென்ற சொத்தாகிவிடுகின்றன. சிற்றூர்ப் பெண்ணின் நெஞ்சிலே அவை தாமாக முளைக்கக் கூடாதோ?

அவளுக்கு முடிசூட்டும் அதே முற்பிறப்புத்தான், தென்காசி வயலிலே நாற்று நடுபவளிடம், “முன்செய்த வினையம்மா, பொறுத்துக்கொள்” என்கிறது. முடியை ஏற்றுக்கொண்டு வினையை மட்டும் விலக்க முடியுமா?

வாதம் ஓய்ந்தபின், அதுவரை வாய்திறவாத தோழர் ஒருவர் தயங்கினார். வேறு சாதிப் பெண்ணிடம் காதலாம். “பூர்வஜென்மத் தொடர்பு என்றால் வீட்டார் இசைவார்களோ?” என்றார். அட, கதை எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்! உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே மணம் செல்லும் என்று 1967-இல் நம் சட்டமன்றம் சட்டம் செய்ததை எடுத்துரைத்தோம். “அவளும் விரும்புகிறாளா?” என்று கேட்டோம்.

“ஆம்” என்றார்.

“அதையே சொல்லும்” என்றோம்.