கோடரி எடுக்குமுன்

கழுகுமலைப் பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கியபின், அண்மையிலுள்ள இளையரசனேந்தலுக்குச் சென்றிருந்தோம். அங்கு அன்பர் ஒருவரது வீட்டுத் தோட்டம் பல்லாண்டு கவனிப்பாரின்றிச் சீமைக்கருவேலங் காடாகிக் கிணற்றையும் மூடியிருந்தது. “ஓரறிவு உயிராயினும் உயிரன்றோ? இதனை அகற்றலாமா? எக்கருவி கொண்டு அகற்றுவது?” என வினவினார்.

இல்லறத்தார் ஓரறிவுயிர்க்கு ஊறு செய்வதை முற்றும் விலக்க இயலாது. தேவையின்றிச் செய்யாதிருத்தலே அவர்தம் கடமை. வேளாண்மைக்கும் பிற செடிகொடிகளுக்கும் கேடு விளைப்பதால், 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் இம்மரத்தை அகற்ற ஆணையிட்டது. எனவே முதல் வினாவுக்கு விடை எளிது. இரண்டாவதே சிந்திக்கத் தக்கது.

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டகத்தில், கோடரி, மண்வெட்டி, தீ போன்றவற்றைப் பிறர்க்கு வழங்குதலை அநர்த்த தண்டத்துள் ஒன்றாக வைத்தார். கருவியைத் தேர்தலும் அறத்தின்பாற்பட்டதே என்பது இதனால் விளங்கும்.

தீயிட்டால் ஓணான், எறும்பு, பறவைக் குஞ்சு யாவும் மடியும். களைக்கொல்லி மண்வாழ் உயிர்களையும் தாக்கக்கூடும். பொக்லைன் விரைந்து முடிக்கும். ஆனால் புற்றையும் வளையையும் பார்த்து ஒதுங்காது. ஓட்டுநர் செய்ததே, நாம் செய்யவில்லை எனவும் கூறவியலாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே.

அரிவாள் மென்மையானதாகத் தோன்றும். ஆயினும் தரைக்குமேல் வெட்டிய சீமைக்கருவேலம் பல கிளையாகத் தழைக்கும். ஆண்டுதோறும் வெட்ட நேரும். ஒரு கொலைக்கு அஞ்சிப் பல கொலை புரிவதாக அது முடியும்.

ஆதலின் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு, அடிமரத்தைச் சுற்றித் தோண்டி, துளிர்க்கும் வேர்முடிச்சோடு ஒரேமுறை எடுப்பதே தக்கது. மழைக்காலம் கழிந்து, கரிசல் ஈரம் உலருமுன் செய்தால் உழைப்பும் குறையும். கூடு கண்டால் கை நிற்கும். குஞ்சு பறந்தபின் தொடரலாம். பின்னர் முளைக்கும் கன்றுகளைத் திங்கள்தோறும் கையால் பறித்தாலே போதும், கோடரிக்கு வேலையிராது.

கவனமின்மையால் உயிர்க்கு ஊறு செய்தலே இம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். அத்தோட்டத்தில் இம்சை தொடங்கியது கோடரி ஓங்கும் நாளிலன்று. கன்றாயிருந்தபோது காணாது விட்ட நாளிலேயாம். நம் மனத்தில் வளரும் குற்றங்களுக்கும் இஃது ஒக்கும்.