யாருடைய கடலில் மகிழப் போகிறோம்

கரீபியன் கடலில் தேனிலவுக்குத் தீவு தேடும் இளம் தம்பதியர் முதலில் பார்ப்பது படங்களைத்தான். நீல நீர், வெண்மணல், நீருக்கடியில் கைகோத்து மிதக்கும் இருவர். படங்களில் எல்லாத் தீவுகளும் ஒன்றுபோலவே தெரிவதால், தேர்வு விடுதிக்கும் விலைக்கும் சுருங்கிவிடுகிறது. எங்கே செலவு குறைவு, எங்கே சாப்பாடும் கட்டணத்தில் சேர்த்தி, எந்த அறையின் சன்னலைத் திறந்தால் கடல் என்ற அளவிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தக் கேள்விகள் வேண்டாதவை என்று சொல்லமாட்டேன். ஆனால் இருவர் சேர்ந்து வாழத் தொடங்கும்போது எடுக்கும் முதல் பெரிய முடிவுகளில் இதுவும் ஒன்று. நம்முடைய மகிழ்ச்சியின் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்று சேர்ந்து கேட்டுப் பழக இதைவிட நல்ல வேளை வாய்க்காது.

ஸ்கூபா முக்குளிப்புக்காகப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்தத் தீவு தன் கடலை எப்படிப் பேணுகிறது என்பதே.

வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்து நாட்டின் ஆளுகையில் இருக்கும் போனேர் என்ற சிறு தீவை எடுத்துக்கொள்கிறேன். மொத்தப் பரப்பு 288 சதுர கிலோமீட்டர். மேற்குக் கரைச் சாலையில் ஆங்காங்கே மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முக்குளிப்பு இடத்தின் பெயர். வண்டியை ஓரம் நிறுத்தி, சிலிண்டரை முதுகில் ஏற்றிக்கொண்டு, கரையிலிருந்தே நடந்து கடலுக்குள் இறங்கலாம். படகு வேண்டாம். சில நிமிட நீச்சலில் பவளத்திட்டின் விளிம்பு வந்துவிடும். இந்த எளிமை தானாக வந்ததன்று. 1971இல் ஈட்டித் துப்பாக்கியால் மீன் வேட்டையாடுவதைத் தீவு தடை செய்தது. 1975இல் பவளத்தை உடைத்தெடுப்பதைத் தடை செய்தது. 1979இல் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதையும், உயர் அலைக்கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, கடல் பூங்காவாக அறிவித்தது. முக்குளிப்புப் படகுகள் நங்கூரம் போட்டுப் பவளத்தைச் சிதைக்காதபடி மிதவைகளைக் கட்டி வைத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. வெளியிலிருந்து வந்த பணம் தீர்ந்துபோனது. சில ஆண்டுகள் அந்தப் பூங்கா பெயரளவில் மட்டுமே இருந்தது. 1992இல் தீவு ஒரு முடிவெடுத்தது: கடலுக்குள் இறங்கும் ஒவ்வொரு முக்குளிப்பாளரும் ஆண்டுக்கு 10 டாலர் கட்ட வேண்டும். அப்படிக் கட்டச் சொன்னால் சுற்றுலாப் பயணிகள் வேறு தீவுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் அப்போது இருந்தது. யாரும் போய்விடவில்லை. அந்தப் பணத்தில் பூங்கா மறுபடி உயிர்பெற்றது. கட்டணம் பின்னர் பலமுறை உயர்ந்துவிட்டது. இன்றும் அதைக் கட்டி, அறிமுக விளக்கம் கேட்டு, முதலில் ஒரு பயிற்சி முக்குளிப்பை முடித்த பிறகே மற்ற இடங்களில் இறங்க முடியும். விடுதி வாடகையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. அதைக் குறைத்துக் கேட்கிறவர்களையும், கட்டாமல் நழுவப் பார்ப்பவர்களையும் நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தாம் பார்க்க வந்த பொருளை உயிரோடு வைத்திருப்பது அந்தப் பணம்தான் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

போனேரில் முக்குளிப்பவர்கள் கையுறை அணிய அனுமதி இல்லை. கை பாதுகாப்பாக இருந்தால் எதையும் பற்றிக்கொள்ளத் தோன்றும்; வெறுங்கை தயங்கும். பவளம் பார்வைக்குப் பாறை, உண்மையில் மெல்லிய உயிர்த்தோல் போர்த்திய விலங்குகளின் குடியிருப்பு. விரல் பட்டால் அந்தத் தோல் கிழியும், கிழிந்த இடத்தில் நோய் புகும். மூளைப் பவளம் போன்றவை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வது அரிது. துடுப்புக் காலணியின் ஓர் உதையில் உடையும் துண்டு, உதைத்தவரின் வயதைவிட மூத்ததாக இருக்கக்கூடும். 1990களின் தொடக்கத்தில் போனேரில் ஆய்வு செய்தவர்கள், ஓர் இடத்தில் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 முக்குளிப்புகளைத் தாண்டினால் பவளத்துக்குச் சேதம் தெரியத் தொடங்குகிறது என்று கணித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு கடலுக்குள் இறங்கியவர் அந்த முக்குளிப்பாளர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? உடலை நீரில் சமநிலையில் நிறுத்தத் தெரியாதவர்கள், படம் எடுக்கும் ஆவலில் முழங்காலை ஊன்றியவர்கள், துணையைக் கூப்பிடத் திரும்பியபோது காலை வீசியவர்கள். தீங்கு செய்ய நினைக்காதவர்களே சேர்ந்து செய்துவிடும் தீங்கு இது.

ஆகவே தேனிலவுக்குப் போகும் இடத்தில் முக்குளிப்பு கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களிடம் நான் சொல்வது, முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள். அந்தமானிலோ புதுச்சேரியிலோ, உங்களுக்கு அருகில் எங்கு முடியுமோ அங்கே. நீச்சல் குளத்தில் நீரின் நடுவே அசையாமல் நிற்கத் தெரிந்த பிறகு பவளத்தருகே போவது, அதற்கு நாம் செய்யும் மரியாதை.

போனேரைப் புகழ்வதோடு நிறுத்திவிட்டால் நான் பாதியைத்தான் சொன்னவனாவேன். தீவின் தெற்கு முனையில் உப்பளங்கள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில், முக்குளிப்பு இடங்களுக்கு எதிரேயே, வரிசையாகச் சின்னஞ்சிறு கல் குடில்கள் நிற்கும். 1850இல் அடிமைகளுக்காகக் கட்டியவை. நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டும். வாரம் முழுவதும் கொதிக்கும் வெயிலில் உப்பு வெட்டியவர்கள் அங்கே படுத்தார்கள். வார இறுதியில் வடக்கே ரிங்கோன் ஊரில் இருந்த குடும்பத்தைப் பார்க்கப் பல மணி நேரம் நடந்தார்கள். நெதர்லாந்து தன் கரீபியத் தீவுகளில் அடிமைமுறையை ஒழித்தது 1863 ஜூலை 1 அன்று. ரிங்கோனில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். அந்தக் குடில்களின் முன்னால் புதுமணத் தம்பதியர் சாய்ந்து நின்று படமெடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பாத காரியம். கடலுக்கு இறங்குமுன் சற்று நேரம் அங்கே நின்று, உள்ளே குனிந்து பார்த்துவிட்டுப் போவது வேறு.

தீவின் குடிநீரும் கடலிலிருந்து உப்பு நீக்கி எடுப்பது. ஆறு கிடையாது. முக்குளித்து வந்ததும் அரை மணி நேரம் குளிக்கும் விருந்தினர் அதையும் நினைக்க வேண்டும்.

மற்ற இடங்களைப் பற்றி மிகச் சுருக்கமாக. பெலீஸின் பெரிய நீலக்குழி உலகப் புகழ் பெற்றது. சுமார் 300 மீட்டர் அகலமும் 120 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட வட்டம். பெயருக்காகவே பலர் போகிறார்கள். ஆனால் அங்கே காட்டப்படும் சுண்ணாம்புக் கல்தூண்கள் ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. அது பொழுதுபோக்கு முக்குளிப்பின் கடைசி எல்லை. உயிரினங்களும் அங்கே குறைவு. அனுபவமில்லாத தேனிலவுத் தம்பதியர் அங்கே இறங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் நீரோட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்; தேர்ந்தவர்களுக்கு அது பேரின்பம். பவளத்தைக் கொல்லும் நோய் பரவியபோது, 2019 அக்டோபரில் அந்தத் தீவின் புகழ்பெற்ற சில திட்டுகளை மெக்சிகோ அரசு சில காலம் மூடியது. வருமானத்தை விட்டுக்கொடுத்துக் கடலுக்கு ஓய்வு தந்த முடிவு என்பதால் அந்தத் தீவின் மேல் எனக்கு மதிப்பு கூடியது. கேமன் தீவில் திருக்கை மீன்களுக்கு உணவு கொடுத்துத் தொட்டு விளையாடும் இடம் உண்டு. இயல்பில் இரவில் தனியாக இரை தேடும் மீன் அது. அங்கே பகலில் கூட்டமாகத் திரியப் பழகிவிட்டது. நம் மகிழ்ச்சிக்காக ஓர் உயிர் தன் இரவையும் பகலையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

தமிழர்கள் அறிந்து போக வேண்டிய தீவு ஒன்றும் இருக்கிறது: பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட குவாதலூப். அதன் மேற்குக் கரையில், மாலன்தூர் கடற்கரைக்கு எதிரே இருக்கும் புறாத் தீவுகளைச் சுற்றி, பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் பெயர் தாங்கிய கடற்காப்பகம் உள்ளது. நல்ல முக்குளிப்பு இடம். அதே தீவின் மறுபுறத்தில் கரும்புத் தோட்டங்களுக்காக, 1854 கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரெலி என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் கொண்டு இறக்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் 40,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பெரும்பகுதியினர் காரைக்கால், புதுச்சேரி வழியாகக் கப்பலேறிய தென்னிந்தியர்கள். பேச்சில் தமிழ் போய்விட்டது. மாரியம்மன் போகவில்லை, ‘மாலியெமென்’ என்று அங்கே அவளுக்குக் கோயில்கள் இருக்கின்றன. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ராமசாமிகளும் வீரப்பன்களும் இருக்கிறார்கள். தோட்டங்களில் பல கரும்பிலிருந்து வாழைக்கு மாறியபின், 1972 முதல் 1993 வரை குளோர்டிகோன் என்ற பூச்சிக்கொல்லியை வாழைக்குப் போட்டார்கள். பிரான்சின் பெருநிலத்தில் 1990இல் தடை. தீவுகளில் சிறப்பு அனுமதியோடு மேலும் மூன்று ஆண்டுகள். அது மண்ணில் தங்கி, ஆற்றில் கலந்து, கரையோரக் கடலில் சில பகுதிகளில் மீன்பிடிக்கவே தடை போடும் நிலைக்குக் கொண்டுவந்தது. தீவுமக்களில் பெரும்பாலோரின் இரத்தத்தில் இன்றும் அது இருக்கிறது. கடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் அந்தத் தீவைப் பார்த்தவர் ஆகமாட்டார். ஒரு நாள் முக்குளிப்பை விட்டுவிட்டு கபெஸ்தேர் ஊர்ப் பக்கம் போய், அங்குள்ள கோயிலில் நின்று வாருங்கள்.

தீவு முடிவானபின் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது. இருவருக்கும் உண்மையாகவே இதில் விருப்பமா? பெரும்பாலும் ஒருவருக்குத்தான் ஆசை; மற்றவர் அதைக் கெடுக்க வேண்டாமென்று தலையாட்டியிருப்பார். நம் வீடுகளில் நீச்சல் கற்காமல் வளர்ந்த பெண்கள் பலர். புது மாப்பிள்ளையின் உற்சாகத்துக்கு முன்னால் “எனக்குப் பயமா இருக்குங்க” என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. ஆண்களுக்கோ மனைவியின் முன் பயத்தை ஒப்புக்கொள்வது அதைவிடக் கடினம். முக்குளிப்பு உலகில் ஒரு நல்ல மரபு உண்டு. யாரும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் முக்குளிப்பை நிறுத்தலாம். கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினால் ‘மேலே போவோம்’ என்று பொருள்; உடன் இருப்பவர் உடனே சேர்ந்து மேலே வர வேண்டும். மேலே வந்தபின்னும் ஏன் என்று குற்றஞ்சாட்டும் தொனியில் கேட்கக் கூடாது. இந்த மரபை உயிருக்குயிராக மதிக்கத் தெரியாதவரோடு எவரும் கடலுக்குள் இறங்க வேண்டாம், அவர் கணவரே ஆனாலும், மனைவியே ஆனாலும்.

மருத்துவப் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். ஆஸ்துமா, காது அடைப்பு, வலிப்பு, இதயக் கோளாறு எதுவானாலும் மறைத்தால், அதன் விலை அழுத்தத்தின் கீழ் நீருக்கடியில் தெரியவரும். கர்ப்பம் என்ற ஐயம் இருந்தாலே முக்குளிக்கக் கூடாது. பலமுறை முக்குளித்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. இல்லையேல் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழ்களாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். கடைசி நாள் காலையில் இன்னும் ஒரேயொரு முறை என்று இறங்குவது, பணத்துக்குப் பயன் பார்க்கும் மனத்தால் உயிரைப் பணயம் வைப்பது. அந்த நாளைத் தீவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, என் மனத்தை உறுத்தும் ஒன்று. 2023இல் கரீபியன் கடல் கண்ட வெப்பத்தில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அதே ஆண்டில் பவளத்தை அரிக்கும் நோய் போனேரையும் வந்தடைந்தது. அந்த வெப்பத்தில் நம் நீண்ட விமானப் பயணங்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே போகவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தீவுகளின் மக்கள் பலர் விருந்தினரை நம்பியே வாழ்கிறார்கள். முக்குளிப்பாளர் கட்டும் பணமே பல இடங்களில் பவளத்தைக் காக்கிறது. ஆனால் ஐந்து நாளில் மூன்று தீவு என்ற அவசரத்தை ஏற்க முடியாது. போவதானால் வாழ்நாளில் ஒருமுறை போங்கள்; ஒரே தீவில் இரண்டு வாரம் தங்குங்கள்; ஜூன் முதல் நவம்பர் வரையிலான சூறாவளிக் காலத்தை அறிந்து நாள் குறியுங்கள்; உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதியில் அறை எடுங்கள். இன்று இரவு விலைப்பட்டியலைத் திறக்குமுன், உங்கள் துணையிடம் ஒன்றைக் கேளுங்கள்: கடலுக்குள் இறங்க உனக்கு மெய்யாகவே விருப்பமா? பதில் வரும்வரை பொறுத்திருங்கள். வந்த பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள்.