கட்டிவைத்தல் காப்பாகுமா?

இல்லறத்தார்க்குரிய அஹிம்சா அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் முதலாவதாகத் தத்துவார்த்த சூத்திரம் 7-ஆம் அத்தியாயத்தில் கூறுவது பந்தம், அதாவது கட்டிவைத்தல். மாட்டையும் கூண்டுக் கிளியையும் எண்ணியே நாம் அதனைப் பாடம் கேட்டோம். மறதி நோயுற்ற முதியோரை எண்ணினோமில்லை.

முதியோர் இல்லங்கள் சிலவற்றில் அவர்களை நாற்காலியோடு துணியால் பிணைத்து அமர்த்துவதுண்டு. விழுந்துவிடுவாரே என்பது காரணம். அவ்வச்சம் பொய்யன்று; இடுப்பெலும்பு முறிந்த முதியோர் பலர் பின்னர் முன்போல் நடப்பதில்லை. ஆயினும் நடவாத கால் சில வாரங்களிலேயே வலுவிழக்கிறது. விழும் அபாயம் அதனாலேயே மிகுகிறது. பணியாளர் வசதிக்காகக் கட்டுவதை அமெரிக்கா 1987-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் விலக்கியது.

ஓயாது உலவுபவர் பெரும்பாலும் எதையோ தேடுகிறார்; கழிவறையையோ, உணவையோ, பழைய வீட்டையோ. ஒருவர் கைபற்றி உடன் நடந்தால் அத்தேட்டம் தணிவதுண்டு. மகனின் பெயரை மறந்தவர்க்கும் ஜினாலயத்தை வலம்வந்த பழக்கம் காலில் எஞ்சியிருக்கக்கூடும். ஆள் போதாமை இல்லத்தாரின் குறை. அதற்குக் கட்டுண்பவர் நோயாளியா?

தாய் தந்தையர்க்கு இல்லம் தேடும் நாம், பொழுது சாயுமுன் உணவு கிடைக்குமா என்று தவறாமல் கேட்கிறோம். காலையும் மாலையும் உடன் நடக்க ஆளுண்டா என்று கேட்பதில்லை.