கேட்டால் மட்டும் சொல்லப்படும் தரகு

முதியவருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருபவரின் கமிஷன், அந்த முதியவர் கட்டும் பிரீமியத்திலிருந்தே வருகிறது. ஆனால் அதைக் கொடுப்பது காப்பீட்டு நிறுவனம். பணம் ஒருவருடையது, கொடுக்கும் கை இன்னொருவருடையது. ஆலோசனை சொல்பவர் இந்த இருவரில் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது அறம் சார்ந்த கேள்வி. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் அது இப்போது ஆயிரக்கணக்கான வீடுகளின் கேள்வியாகவும் ஆகியிருக்கிறது.

ஓசூர் சிப்காட் 1970களில் தொடங்கியது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் 1980களில் வந்தன. அன்று இருபது, இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று ஓய்வு பெற்றவர்கள், அல்லது ஓய்வின் வாசலில் நிற்பவர்கள். ஆலையின் குரூப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். அதன்பின் சுகரும் பிபியும் சேர்ந்த உடம்போடு, வாழ்க்கையில் முதல் முறையாக, தன் பெயருக்குத் தானே ஒரு பாலிசி தேட வேண்டும். இந்த ஊர்களுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் மக்கள் அத்திப்பள்ளி தாண்டிப் பொம்மசந்திராவுக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். சில பாலிசிகளில் பிரீமியம் வசிக்கும் ஊரின் மண்டலத்தைப் பொறுத்தது. சிறிய ஊர் முகவரிக்குக் குறைந்த பிரீமியம் கட்டியவர் பெருநகர மருத்துவமனையில் சேர்ந்தால், பில்லில் ஒரு பங்கைத் தானே ஏற்க நேரிடும். இதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்ல வேண்டியவர் பாலிசி எடுத்துத் தருபவர்தான்.

அவரிலும் இரு வகை உண்டு. ஏஜென்ட் சட்டப்படி நிறுவனத்தின் ஆள். காப்பீட்டு புரோக்கர் வாடிக்கையாளரின் ஆள். பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டுப் பொருத்தமானதைச் சொல்வதே அவர் வேலை. ஆனால் தனிநபர் பாலிசியில் இருவருக்கும் கூலி நிறுவனத்திடமிருந்தே வருகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2016இல் வகுத்த விதியின்படி, தனிநபர் மருத்துவக் காப்பீட்டில் இந்தக் கமிஷன் பிரீமியத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இருந்தது. நிறுவன ஊழியர்களுக்கான குரூப் பாலிசியில் 7.5 சதவீதம். 2023 ஏப்ரல் 1 முதல் இந்தத் தனி உச்சவரம்புகள் நீங்கின. இப்போது நிறுவனத்தின் மொத்த நிர்வாகச் செலவுக்கு மட்டுமே எல்லை: பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மொத்தப் பிரீமியத்தில் 30 சதவீதம், மருத்துவக் காப்பீடு மட்டுமே விற்கும் நிறுவனத்துக்கு 35 சதவீதம். கமிஷனும் அதற்குள் அடங்கும். யாருக்கு எவ்வளவு என்பதை நிறுவனத்தின் இயக்குநர் குழு முடிவு செய்கிறது.

விற்றவருக்கு முதல் ஆண்டோடு வருமானம் நின்றுவிடுவதில்லை. பாலிசி புதுப்பிக்கப்படும்போதும் கமிஷன் உண்டு. அது சதவீதக் கணக்கு என்பதால் வயது ஏறப் பிரீமியம் ஏறும், பிரீமியம் ஏறக் கமிஷனும் ஏறும். 15 சதவீதம் என்று வைத்தால் 30,000 ரூபாய் பிரீமியத்துக்கு 4,500. அதே மனிதரின் பிரீமியம் சில ஆண்டுகளில் 50,000 ஆனால் 7,500. செய்த வேலை கூடாமலே கூலி கூடுகிறது. 60 கடந்தவர்களின் பிரீமியத்தை, முன்கூட்டி ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அந்த எல்லை பிரீமியத்துக்கானது. கமிஷன் எந்த அடிப்படையில் கணக்கிடப்படுகிறது என்பதை அது தொடவில்லை.

இதைவிடக் கூர்மையான இடம் விண்ணப்பப் படிவம். “சுகர் இருக்கிறது என்று எழுதினால் பாலிசி கிடைக்காது, விட்டுவிடுங்கள்” என்று ஒருவர் சொல்லி, பெரியவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், விற்றவரின் கமிஷன் அன்றே உறுதியாகிவிடுகிறது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிளெய்ம் மறுக்கப்படும்போது இழப்பு முழுவதும் பெரியவருடையது. உண்மையை எழுதியிருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 ஆண்டுதான். 2024இல் அது 4இலிருந்து குறைக்கப்பட்டது. லாபம் ஒருவரிடமும் அபாயம் மற்றவரிடமும் நிற்கும் இந்த அமைப்பில் நேர்மை முழுக்கத் தனிமனித மனசாட்சியின் பொறுப்பாகிவிடுகிறது. மனசாட்சிக்கு அவ்வளவு பாரம் ஏற்றுவது நியாயமல்ல.

தரகு வாங்குவதே பாவம் என்று தமிழ் மரபு எப்போதும் சொன்னதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்காய் மண்டியில் விவசாயிக்குத் தரும் சீட்டில் கமிஷனும் இறக்குக்கூலியும் பிடித்தமாக எழுதப்படுகின்றன. அது அதிகம் என்று அவர் சண்டை போடலாம். தெரியாமல் போனது என்று சொல்ல முடியாது. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகரைப் பற்றியது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதை அது வணிகத்தின் இலக்கணமாக வைக்கிறது. நடுவுநிலை நீதிபதிக்கு மட்டும் உரியதன்று, விற்பவருக்கும் உரியது என்பதே அந்த இடவைப்பின் பொருள். இஸ்லாமியச் சட்டவியலும் தரகுக் கூலியைத் தடுக்கவில்லை. கூலி எவ்வளவு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. மலேசியா 1984இல் சட்டமாக்கிய தக்காஃபுல் என்ற இஸ்லாமியக் காப்பீட்டு முறையில், பொது நிதியை நடத்துபவர் தன் கூலியை முன்கூட்டியே அறிவித்து எடுத்துக்கொள்ளும் வகை உண்டு.

சதவீதக் கணக்குக்கு மாற்று வழியும் உண்டு. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் தரகருக்கான உச்சத் தொகையை அரசே ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2025இல் பெரும்பாலான மாநிலங்களில் முதல் சேர்க்கைக்கு 626 டாலர், புதுப்பித்தலுக்கு 313 டாலர். அது பிரீமியத்தின் சதவீதமன்று, தலைக்கு இவ்வளவு என்ற தொகை. பிரீமியம் ஏறினாலும் அதனோடு சேர்ந்து ஏறாது.

கமிஷனை வெளிப்படையாகச் சொல்வதற்கும் மறைப்பதற்கும் நடுவில் ஓரிடத்தில் இந்தியச் சட்டம் நிற்கிறது. கமிஷனில் பாதியைத் திருப்பித் தருவதாக ஆசை காட்டுவதை 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு தடுக்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. கமிஷன் எவ்வளவு என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்ல வேண்டும் என்று ஏஜென்டின் நடத்தை விதியும் புரோக்கரின் நடத்தை விதியும் கூறுகின்றன. இந்த ‘கேட்டால்’ என்ற சொல்லில்தான் குறை இருக்கிறது. முப்பது ஆண்டு அசெம்பிளி லைனில் நின்றவருக்குக் கேட்கலாம் என்பதே தெரியாது. தெரிந்தாலும், பாலிசியோடு வந்தவர் பக்கத்து வீட்டுத் தம்பியாகவோ பழைய ஷிப்ட் நண்பராகவோ இருப்பார். அவரிடம் காசைப் பற்றிக் கேட்க நாக்கு எழாது. அறிந்தவர் பேசாமலிருக்க, அறியாதவர் மேல் கேட்கும் கடமையைச் சுமத்துவது நடுவுநிலை ஆகாது. மாங்காய் மண்டிச் சீட்டைப்போல், பாலிசியின் முதல் பக்கத்திலேயே கமிஷன் ரூபாயில் அச்சாக வேண்டும்.

ஏஜென்டின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நள்ளிரவில் போன் எடுத்து, பெங்களூர் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் காத்திருந்து, கேஷ்லெஸ் அனுமதி வாங்கித் தருபவர்கள் பலர். அந்த இரவுக்கென்று தனிக் கூலி எதுவும் கிடையாது. போனையே எடுக்காதவருக்கும் அதே சதவீதம்தான்.

கூலி இல்லாத இடத்தில் ஆலோசனையும் இல்லாமல் போகிறது என்பதற்கு ஈஎஸ்ஐ சான்று. குறைந்தது 5 ஆண்டு ஈஎஸ்ஐயில் இருந்து ஓய்வு வயதில் வேலையை விடும் தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். ஓசூரிலேயே ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. இரண்டிலும் யாருக்கும் கமிஷன் இல்லை. இவற்றைச் சொல்வதற்காக ஓய்வு பெற்றவரின் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதும் இல்லை.